மலையகத்துப் பழைய துரை பங்களாக்களில் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவ, தலவாக்கலை, ஹப்புத்தளை பக்கங்களில் தேயிலைத் தோட்டத் துரைமார் (தோட்டத்தை நிர்வகித்த மேலாளர்கள்) வாழ்ந்த வீடுகள் பல புதுப்பிக்கப்பட்டு, இன்று விருந்தினர் தங்கும் இடங்களாக இருக்கின்றன. முன்பதிவு செய்வதற்கு முன்பும், பெட்டி கட்டும்போதும், போய்ச் சேர்ந்த பிறகும் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

துரை பங்களாவுக்கும் ஹோட்டலுக்கும் என்ன வேறுபாடு?

இது வீடு. பெரிய துரைக்கு ஒன்று, அவருக்குக் கீழிருந்த சின்ன துரைமாருக்கு ஆளுக்கொன்று எனத் தோட்டத்துக்குள்ளேயே கட்டியவை. நான்கு முதல் ஆறு படுக்கையறைகள், ஒரு பெரிய கூடம், ஒரு சாப்பாட்டு மேசை, முன்னால் புல்வெளி. வரவேற்பு மேடை, லிஃப்ட் எதுவும் இராது. சமைத்துப் பரிமாறும் அப்புவும், அவருக்கு உதவியாக இரண்டு மூன்று பேரும், ஒரு தோட்டக்காரரும்தான் மொத்தப் பணியாளர்கள். இரவு பதினொரு மணிக்குப் பசித்தால் மணியடித்து வரவழைக்க இங்கே ஆள் இருக்க மாட்டார்.

கட்டடமும் வேறு மாதிரி. கருங்கல் சுவர், தகரக் கூரை, அதன் கீழே பலகை அடித்த உட்கூரை, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்து வெளியே துருத்திய ஜன்னல். சமையலறை பின்பக்கம் தள்ளி இருக்கும். கூரை போட்ட ஒரு நடைபாதை அதை வீட்டோடு இணைக்கும். புகையும் தீப்பிடிக்கும் அபாயமும் வீட்டுக்குள் வரக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. பல பழைய பங்களாக்களில் குளியலறைக்கு வெளியிலிருந்து இன்னொரு கதவு உண்டு. துப்புரவு செய்பவர் வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்து போகவேண்டும் என்று வைத்தது. அறையில் நுழைந்ததும் அந்தக் கதவின் தாழ்ப்பாளைப் பாருங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதி, தாழ்ப்பாள் துளையில் சரியாக விழாமல் நிற்கும்.

தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தம் பலருக்குப் பிடிக்கும், சிலருக்குத் தூக்கமே வராது. சத்தத்தைத் தாங்காதவர்கள் காதடைப்பான் எடுத்துப் போவது நல்லது.

இவை எப்படி விருந்தினர் விடுதிகளாயின?

மலையகத்தில் முதலில் கோப்பிதான் பயிர். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அதை அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் மலை முழுதும் தேயிலையானது. ரயில் பாதையும் 1885இல் நானுஓயா வரை ஏறிவிட்டது. இன்று தங்கக் கிடைக்கும் பங்களாக்களில் பல அந்தக் காலத்திலிருந்து 1930கள் வரை எழுந்தவை. பொகவந்தலாவைப் பக்கத்து டின்சின் பங்களா 1888இல் கட்டியது.

1972, 1975 நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளின் கைக்கு வந்தது. துரைமாரின் எண்ணிக்கை குறைந்ததால் பல பங்களாக்கள் பூட்டிக் கிடந்தன. அவற்றில் சில பழுது பார்க்கப்பட்டு விருந்தினருக்குத் திறக்கப்பட்டன. டில்மா தேயிலை நிறுவனக் குடும்பத்தார் 2005இல் தொடங்கிய சிலோன் டீ டிரெயில்ஸ் இவற்றில் பெயர் பெற்றது. காசல்ரீ, நோர்வூட், சமர்வில், டின்சின், டன்கெல்ட் என ஐந்து பங்களாக்கள் அதில் உண்டு. விலை மேல்தட்டுக்கானது. அதே பள்ளத்தாக்குகளில் தோட்டக் கம்பெனிகளும் தனியாரும் நடத்தும் எளிய பங்களாக்களும் இருக்கின்றன. அரசுத் திணைக்களங்களின் சர்க்கிட் பங்களாக்கள் வேறு வகை. அவை முதலில் அந்தந்தத் திணைக்கள ஊழியர்களுக்கானவை.

எந்தப் பக்கம் போவது, எந்த மாதம்?

இரண்டையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். மலையின் மேற்குச் சரிவுக்கும் கிழக்குச் சரிவுக்கும் மழை வேறு வேறு மாதங்களில் வருகிறது.

ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியா ஆகியவை மேற்குச் சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஜூன், ஜூலையில் நாள் கணக்கில் விடாமல் பெய்யும், மலை கண்ணுக்கே தெரியாது. ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிந்திருக்கும், இரவில் குளிர் கடுமை. அந்தப் பகுதித் தேயிலை மிக நன்றாக இருப்பதும் அப்போதுதான்.

ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளை ஊவாப் பக்கம். இங்கே வடகிழக்குப் பருவமழை, அக்டோபர் முதல் ஜனவரி வரை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும்; பேர்போன ஊவாத் தேயிலை அந்தக் காற்றில்தான் விளைகிறது. ஆக, ஆகஸ்டில் விடுமுறை என்றால் ஊவா, பிப்ரவரியில் என்றால் ஹட்டன் பக்கம்.

ஏப்ரலில் நுவரெலியாவில் ‘சீசன்’. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நாடே அங்கு திரளும். வாகன நெரிசலும் விலையும் ஏறும். அமைதி வேண்டுமென்றால் அந்த வாரங்களைத் தவிருங்கள். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை. மலையேற நினைப்பவர்கள் மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்துப் பங்களாவில் தங்கினால் நள்ளிரவில் கிளம்பி நல்லதண்ணி அடிவாரத்துக்குப் போகலாம். அப்புவிடம் முந்தின நாள் மாலையே சொன்னால்தான் புறப்படும் நேரத்தில் தேநீர் கிடைக்கும்.

முன்பதிவு செய்யும்போது என்னென்ன கேட்க வேண்டும்?

அறைவாரியாகத் தருகிறார்களா, முழுப் பங்களாவையும் ஒரே குழுவுக்குத் தருகிறார்களா? இதுதான் முதல் கேள்வி. அறைவாரி என்றால் கூடமும் சாப்பாட்டு மேசையும் பொது. முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் இரவு உணவு சாப்பிட உங்களுக்குச் சம்மதமா என்று யோசியுங்கள். குழந்தைகளோடு பெரிய குடும்பமாகப் போகிறவர்களுக்கு முழுப் பங்களாதான் நிம்மதி. ஆறு ஏழு பேர் சேர்ந்தால் தலைக்கு ஆகும் செலவும் பெரிதாக உயராது.

அடுத்து, எந்த அறையில் கணப்படுப்பு வேலை செய்கிறது என்று கேளுங்கள். படத்தில் தெரியும் கணப்பு அலங்காரத்துக்கு மட்டுமாக இருக்கலாம். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, படுக்கையில் சூடேற்றும் விரிப்போ சுடுநீர்ப் பையோ தருவார்களா, வண்டியோட்டிக்குத் தங்குமிடமும் சாப்பாடும் விலையில் சேர்த்தியா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியோட்டி விஷயத்தை வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், அவர் இரவில் குளிரில் காருக்குள் படுக்க நேரும்.

விலையைப் பார்த்தால் ஒன்று, பில்லில் ஒன்று வருகிறதே?

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் வரிகளும் அதற்கு மேல் என்று பொருள். சேவைக் கட்டணம் பொதுவாக 10 சதவீதம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். இதோடு சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 சதவீதம். ஒன்றின் மேல் ஒன்றாகக் கணக்கிடும்போது 10,000 ரூபாய் அறை 13,300 ரூபாய் வரை போகும். “எல்லாம் சேர்த்து எவ்வளவு?” என்று ஒற்றைத் தொகையாகக் கேட்பதே பாதுகாப்பு.

வெளிநாட்டவர்க்கு டொலரில் ஒரு விலை, இலங்கையில் வசிப்பவர்களுக்கு ரூபாயில் இன்னொரு விலை இருப்பது வழக்கம். உள்ளூர் விலைக்குப் பதிவு செய்தவர்கள் தேசிய அடையாள அட்டையையோ வதிவிட விசாவையோ காட்ட வேண்டும். புலம்பெயர்ந்த உறவினர் ஒருவர் உங்கள் பெயரிலான அறையில் சேர்ந்து தங்குகிறார் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எப்படிப் போய்ச் சேருவது?

சாலை வழியாகக் கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை வழியே ஹட்டன். நான்கு மணி நேரம் ஆகும். விமான நிலையத்திலிருந்து நேரே போகிறவர்கள் இன்னும் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். ரயிலில் போக விரும்புகிறவர்களுக்குக் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து பொடி மெனிகே, உடரட்ட மெனிகே வண்டிகள் உண்டு. முன்பதிவு 30 நாளுக்கு முன்பு திறக்கும். நல்ல இருக்கைகள் உடனே தீர்ந்துவிடும். மண்சரிவுக்குப் பிறகு மலைப்பாதை ரயில் பகுதி பகுதியாக மட்டும் ஓடும் காலங்கள் உண்டு, அதனால் பதிவு செய்வதற்கு முன் பாதை முழுதும் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள்.

சிக்கல் பெரும்பாலும் கடைசி ஐந்து கிலோமீட்டரில்தான். தோட்டப் பாதை ஒரு வண்டி அகலம். குண்டும் குழியும், கூரான வளைவுகளும். தரை தாழ்ந்த கார் அடி உரசும். கைப்பேசி வரைபடம் தோட்டத்தின் பெயரைப் போட்டால் தொழிற்சாலை வாசலுக்கோ, மேல்கணக்கிலுள்ள வேறொரு பங்களாவுக்கோ கொண்டுபோய் விடும். ஒரே தோட்டத்தில் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று பிரிவுகள் பல. எந்தப் பிரிவு, வழியில் எந்தக் கோயில் அல்லது பாலத்தில் திரும்ப வேண்டும் என்று பங்களாவில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிற்பகல் நான்கு மணிக்குள் போய்ச் சேருங்கள். அதற்குப் பிறகு மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது.

குளிர் எப்படி இருக்கும்? கணப்படுப்பை எப்படிப் பயன்படுத்துவது?

ஹட்டன் பக்கம் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல். நுவரெலியா 1,868 மீட்டர். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், மாலை ஆறு மணிக்கு மேல் சட்டென்று குளிரும். பழைய வீடுகளுக்கு ஜன்னல் இடுக்கு நிறைய, கூரை உயரம். உள்ளே வெப்பம் தங்காது. ஸ்வெட்டர், காலுறை, தலைக்கு ஒரு துணி அவசியம். சென்னை, கொழும்பு வெயிலில் பெட்டி கட்டும்போது இவை தேவையில்லை என்று தோன்றும். எடுத்து வையுங்கள்.

கணப்பை அப்புவே பற்றவைப்பார். நீங்களே செய்ய வேண்டியிருந்தால் முதலில் புகைக்கூண்டின் வாயில் உள்ள இரும்புத் தட்டு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். செய்தித்தாள் ஒன்றைச் சுருட்டிக் கொளுத்தி, அந்த வாய்க்கு நேர் கீழே அரை நிமிடம் பிடியுங்கள். குளிர்ந்த காற்று கூண்டுக்குள் அடைத்து நிற்கும். அது சூடாகி மேலெழாமல் விறகைக் கொளுத்தினால் புகை முழுதும் கூடத்துக்குள் இறங்கும். பிறகு சுள்ளி, அது பிடித்ததும் பிளந்த விறகு இரண்டு, கால் மணி நேரம் கழித்துப் பெரிய கட்டை. விறகின் வெட்டு முனையில் நுரை தள்ளி, சீறும் சத்தம் கேட்டால் அது ஈர யூக்கலிப்டஸ். காய்ந்ததைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நெருப்பு எரியும்போது ஜன்னலொன்று விரலளவு திறந்திருக்கட்டும். தணல் சிவந்திருக்கும்போது இரும்புத் தட்டை மூடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தேங்கும், அதற்கு மணம் கிடையாது. கரிச்சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோவதும் அதே காரணத்துக்காக உயிருக்கு ஆபத்து. காரணமில்லாமல் தலை வலித்து, குமட்டினால் எல்லாரையும் எழுப்பிக்கொண்டு வெளியே வாருங்கள்.

சுடுதண்ணீர், மின்சாரம்?

ஊற்றுத் தண்ணீர்தான் குழாயில் வருகிறது. கனமழைக்கு மறுநாள் செம்மண் நிறமாக இருக்கலாம். குளிக்கலாம், குடிக்கக் காய்ச்சியதைக் கேளுங்கள். ஒரே கொதிகலனிலிருந்து பல குளியலறைகளுக்குக் குழாய் போயிருந்தால், காலை ஏழு மணிக்கு எல்லாரும் ஒன்றாகத் திறக்கும்போது கடைசி அறைக்குப் பச்சைத் தண்ணீர்தான். அரை மணி இடைவெளி விட்டுக் குளித்தால் தீர்ந்தது.

இலங்கையில் 230 வோல்ட். புதுப் பொருத்துவாய்கள் சதுர மூன்று முனைக்கானவை, பழைய சுவர்களில் உருண்டை முனைக்கானவை. ஒரே அறையில் இரண்டும் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் மாற்றுச் செருகி ஒன்று வைத்திருங்கள். சூடேற்றியையும் கேத்தலையும் ஒரே சமயத்தில் போட்டால் பழைய வயரிங் தாங்காமல் மின்சாரம் தட்டிவிடும்.

சாப்பாடு? நாங்கள் சைவம்.

காலைப் படுக்கைத் தேநீரில் தொடங்கி, மாலை நான்கு மணித் தேநீர், இரவு உணவு வரை பெரும்பாலும் எல்லாம் விலையில் சேர்த்தி. கடை பக்கத்தில் இல்லை. காய்கறி நகரத்திலிருந்து வரவேண்டும். அதனால் என்ன வேண்டும் என்பதை ஒரு நாள் முன்னதாகவே சொல்ல வேண்டும்.

சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. ‘மாசி போடக் கூடாது’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். மாசி என்பது காய்ந்த சூரை மீன். தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், சில வீடுகளில் பருப்புக் கறி, கீரைச் சுண்டல் எல்லாவற்றிலும் சுவைக்காக இடித்துப் போடுவார்கள். அதை மீன் கறி என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முட்டை சேர்த்தியா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஆங்கிலேயர் காலத்து ரோஸ்ட்டும் புடிங்கும் எல்லா இடத்திலும் போடுவார்கள். ஒரு வேளையாவது தேங்காய் ரொட்டியும் மாசி போடாத கட்டச் சம்பலும் (மிளகாய்ச் சம்பல்) கேளுங்கள். தோட்டத்து வீடுகளின் காலைச் சாப்பாடு அது. அப்புவின் கையில் தனி ருசியாக வரும்.

அட்டை, பாம்பு, சிறுத்தை?

அட்டை நிச்சயம் உண்டு, மழைக்குப் பிறகு புல்லிலும் காட்டோரத்திலும். முழங்கால் வரை கட்டும் நெருக்கமான துணிக் காலுறையைக் காற்சட்டைக்கு மேலே போடுங்கள். கடித்தால் இழுத்துப் பிய்க்க வேண்டாம். நகத்தை அதன் மெல்லிய முனைப் பக்கம் தோலோடு ஒட்டித் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. சோப்புப் போட்டுக் கழுவி ஒட்டுத்துணி போடுங்கள்.

உண்மையில் அஞ்ச வேண்டியது குளவிக்கு. தேயிலைச் செடிக்கடியிலும் மரக்கிளையிலும் கூடு இருக்கும். கொழுந்து பறிப்பவர்கள் கொட்டுப்பட்டு மருத்துவமனைக்குப் போவது மலையகத்தில் அடிக்கடி வரும் செய்தி. ‘அந்த மலைக்குப் போகாதீங்க’ என்று யாராவது சொன்னால் காரணம் கேட்காமல் திரும்பிவிடுங்கள். கொட்டினால் கடும் ஒவ்வாமை வரக்கூடியவர்கள் மருந்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. இருட்டிய பிறகு தனியே நடக்க வேண்டாம்.

தொழிற்சாலையைப் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் நாளும் நேரமும் முக்கியம். பறித்த கொழுந்து முதலில் மாடியிலுள்ள நீண்ட தொட்டிகளில் பரப்பப்பட்டு, காற்று ஊதி இரவு முழுதும் வாட்டப்படும். உருட்டுவதும் அரைப்பதும் அதற்குப் பிறகு, விடியற்காலையிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை பொதுவாகக் கொழுந்து பறிப்பதில்லை. அதனால் திங்கள் காலை இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும். செவ்வாய் முதல் சனி வரை, காலை எட்டு மணிக்கு முன் போனால் முழுவதும் ஓடுவதைப் பார்க்கலாம்.

உருட்டிய இலை பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும் மேசை அருகே நின்று முகருங்கள். பழ வாசம் வரும். அந்த வாசத்தை வைத்துத்தான் எப்போது சூளைக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறார்கள். சூளையிலிருந்து வெளிவரும்போது ஈரம் 3 சதவீத அளவுக்கு இறங்கியிருக்கும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை முதல் ஐந்து கிலோ கொழுந்து தேவை. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள், தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். வாசலில் தொழிற்சாலையின் காவல் தெய்வமான ரோதமுனிக்கு விளக்கேற்றிய மாடம் இருந்தால் செருப்போடு அருகே போக வேண்டாம்.

கொழுந்து பறிப்பவர்களைப் படம் எடுக்கலாமா? லயங்களுக்குப் போகலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குறைவு, கேட்க வேண்டியவர்கள் அதிகம். தோட்டம் காட்சிக்கு வைத்த இடமல்ல. பறிப்பவருக்கு அன்றைக்கு இத்தனை கிலோ என்று அளவு உண்டு. அதற்குக் குறைந்தால் முழுப் பேர் (முழுநாள் கூலி) விழாது, அரைப்பேர்தான். அவர்களை நிறுத்தி, கூடையைத் தலையில் போட்டுச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்கும் பத்து நிமிடம் அவர்கள் கூலியிலிருந்து போகிறது. கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வரும் இடைவேளை வரை காத்திருங்கள். “அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள்.

லயம் என்பது பத்தடி அறைகள் வரிசையாக ஒட்டிய குடியிருப்பு. கதவு திறந்தால் நேரே வீடுதான், எட்டிப் பார்க்க முற்றம் கிடையாது. யாராவது அழைத்தால் போங்கள், அழைக்காமல் நுழையாதீர்கள். குழந்தைகளுக்குப் பாதையோரம் இனிப்பும் பணமும் கொடுக்க வேண்டாம். பள்ளிக்கு ஏதாவது செய்ய விருப்பம் இருந்தால் தலைமை ஆசிரியரிடம் நேரில் கேட்டுச் செய்யுங்கள்.

இங்கே தமிழ் பேசினால் போதும். தமிழ்நாட்டிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி வந்து இந்த மலைகளைத் தோட்டமாக்கியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்தான் அப்புவும் தோட்டக்காரரும் கொழுந்து பறிப்பவர்களும். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. நீலகிரியிலும் கூடலூரிலும் உள்ள தாயகம் திரும்பியோர் குடும்பங்களுக்கு இங்கே உறவுகள் உண்டு. ஊர்ப் பெயர் சொல்லிப் பேசத் தொடங்கினால் ‘எங்க தாத்தா திருச்சிப் பக்கம்’ என்று பதில் வரும். மாசி மாதம் போகிறவர்கள் காமன் கூத்து நடக்கிறதா என்று விசாரியுங்கள். ஊரார் நடத்துவது, முன்வரிசையை அவர்களுக்கு விட்டு ஓரமாக நின்று பார்க்கலாம்.

பக்கத்தில் பார்க்க வேறென்ன?

பொகவந்தலாவ புனித மரியாள் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில், ஒளிப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கமாகியிருக்கிறார், 1879இல் இறந்தார். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் அணை 1965இல் வந்தது. ஏரியைப் பார்த்தாற்போல் கட்டியவை என்று தோன்றும் பழைய பங்களாக்கள், கட்டிய காலத்தில் வெறும் பள்ளத்தாக்கையே பார்த்தன.

குறைந்த செலவில், அமைதியாகத் தங்க வழியுண்டா?

ஹப்புத்தளை ஆதிஷாம் நல்ல தேர்வு. சர் தாமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய கருங்கல் மாளிகை, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். முன்கூட்டியே கேட்டால் எளிய அறை கிடைக்கும். மடத்தின் அமைதியைக் காக்க வேண்டும், பாட்டும் கூத்தும் கூடாது. அவர்கள் செய்யும் ஜாம் வாங்காமல் வராதீர்கள்.

போயா நாளில் மது கிடைக்குமா?

கிடைக்காது. பௌர்ணமி தோறும் நாடு முழுதும் விற்பனை தடை.

டிப்ஸ் எவ்வளவு, யாரிடம்?

பில்லில் சேவைக் கட்டணம் இருந்தாலும் தனியே கொடுப்பதே வழக்கம். புறப்படும்போது ஒரு உறையில் போட்டு அப்புவிடம் ‘எல்லாருக்கும்’ என்று சொல்லிக் கொடுங்கள், அல்லது ஆள் ஆளாகக் கொடுங்கள். கண்ணில் படாத சமையல் உதவியாளரும் தோட்டக்காரரும் விடுபடுவதுதான் அடிக்கடி நடப்பது. அதிகாலையில் உங்கள் வெந்நீருக்கு விறகு போட்டவர் அவராக இருக்கலாம்.

தேயிலை எங்கே வாங்குவது?

தொழிற்சாலைக் கடையில், பொதி செய்த தேதி பார்த்து. பொதியின் மேலுள்ள எழுத்துகள் இலையின் அளவைச் சொல்லும் தரப் பெயர்கள்: பாலோடு குடிப்பவர்களுக்குத் தூள் சிறிதான பிஓபிஎஃப், வெறும் தேநீருக்கு பிஓபி, இன்னும் மெலிதாக வேண்டுமென்றால் இலை நீண்ட ஓபி. பெட்டிக்குள் சோப்புக்கும் மசாலாவுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டின்னில் மாற்றி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். ஆறு மாதத்துக்குள் குடித்து முடிக்கும் அளவுக்கு மட்டும் வாங்கினால் போதும்.